மாத்திரை ஞாயிறு

ஜூன் 2, ஞாயிறு

திருச்சபை நாட்காட்டியில் குருத்தோலை ஞாயிறு உண்டு, திரித்துவ ஞாயிறு உண்டு. எங்கள் வீட்டு நாட்காட்டியில் எல்லா ஞாயிறும் மாத்திரை ஞாயிறுதான்.

காலை ஆறு மணிக்கு இவர் கட்டிலருகே வந்து நின்றார். ஒரு கையில் தம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீர், இன்னொரு கையில் மாத்திரை. இவர் ராஜையன், என் கணவர், போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் ஒரு பேருந்தும் இவர் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியதில்லை. செலவாகாமல் தேங்கிய கண்டிப்பையெல்லாம் என் எலும்புத் தேய்மான மாத்திரைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். வெறும் வயிறு. காபி கூடாது, சீரகத் தண்ணீர் கூடாது. விழுங்கியபின் அரைமணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகிவிடும். டாக்டர் இதை ஒரு முறை சொன்னார். இவர் வாரம் ஒரு முறை சொல்கிறார், ஒன்பது வருடமாக.

"டீச்சர், சாயாதே."

"சாயல்ல."

"செவுத்துல சாய்ஞ்சிருக்கே."

"செவுருதான் எனக்க மேல சாய்ஞ்சிருக்கு."

நான் பள்ளியில் சரித்திரப் பாடம் நடத்தியவள். ஒன்பது வருடம் ஒரே ஆணையை ஒரு நாள் கூடத் தளர்த்தாமல் நிறைவேற்றிய அரசுகள் மிகக் குறைவு. அந்த வகையில் இவர் மதிப்புக்குரியவர்.

ஆராதனையில் முழங்காலிடும் இடங்களில் உட்கார்ந்தே ஜெபித்தேன். இடது தொடையில் ஒரு சுளுக்கு. பின்வரிசையில் உட்கார்ந்து ஜெபித்தால் ஆழ்ந்த பக்தி மாதிரி தெரியும், கவலையில்லை.

சாயங்காலம் ஓசூரிலிருந்து எங்கள் மகள் பெனிலா கூப்பிட்டாள். ஞாயிறு சாயங்காலம் இவர் மகளிடம் வாராந்தர அறிக்கை சமர்ப்பிப்பார். என் சாப்பாடு, மாத்திரை, சர்க்கரை அளவு, தொலைக்காட்சி பார்த்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். ஈஸ்டருக்கு வந்திருந்தபோது நான் கிணற்றடியில் வழுக்கி உட்கார்ந்ததை அவள் பார்த்துவிட்டாள். உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அவள் அதை விழுந்ததாகக் கணக்கில் எடுத்துக்கொண்டாள். "இன்னொரு தடவ அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா வீட்ட வித்துட்டு ரெண்டு பேரும் ஓசூர் வந்திரணும். சத்தியம் பண்ணுங்கப்பா" என்றாள். இவர் பண்ணிவிட்டார். சத்தியத்தையும் நேரம் தவறாமல் நிறைவேற்றும் ஆள்.

ஓசூர் வீடு எட்டாவது மாடி. அங்கிருந்து பார்த்தால் இன்னொரு எட்டாவது மாடி தெரியும். இந்த வீட்டில் நான் யாரையும் கேட்காமல் விளக்கை அணைக்கலாம், யாரையும் கேட்காமல் அடுப்பைப் பற்றவைக்கலாம். இதைவிடப் பெரிய சுதந்திரத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் நடத்தியதில்லை.

சுளுக்கு அறிக்கையில் இடம்பெறவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.


ஜூன் 5, புதன்

மழை. துணியை மாடியிலிருந்து எடுக்க இரண்டு முறை ஏறி இறங்கினேன். இடது காலை ஊன்றும்போது தொடைக்குள் எங்கோ ஒரு பழைய பல் வலிப்பது போல இருக்கிறது. தோலில் இல்லை, சதையில் இல்லை, அதற்கும் உள்ளே. நின்றால் போய்விடுகிறது. எனவே நின்று நின்று ஏறினேன்.

இட்லிக்கு அரைத்தேன். உளுந்து நன்றாகப் பொங்கியது.


ஜூன் 8, சனி

பிடிபட்டேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து குரல்.

"டீச்சர், ஏன் நொண்டுகே?"

"நொண்டல்ல. மெதுவா நடக்கேன்."

"மெதுவா நடக்கதுக்கு ரெண்டு காலும் மெதுவா போவணும். உனக்கு ஒரு காலுதான் மெதுவா போவுது."

டைம் கீப்பரிடம் வேகத்தைப் பற்றிப் பொய் சொல்வது கஷ்டம். தொடையில் சுளுக்கு என்றேன். உடனே கடைக்குப் போய்க் காயத்திருமேனி எண்ணெய் வாங்கிவந்து கொடுத்தார். தேய்த்தேன். வீடு முழுவதும் ஆசான் வைத்தியசாலை மணம். வலி தன்பாட்டுக்கு இருக்கிறது.

"பெனிலாட்ட சொல்லாண்டாம்" என்றேன்.

"சுளுக்கெல்லாம் அறிக்கையில வராது" என்றார். முதல் முறையாக இவரிடம் ஒரு சலுகை பெற்றேன்.

இப்போதெல்லாம் வலது காலில்தான் பாரம் போட்டு நிற்கிறேன். அது இரண்டு பேர் வேலையை ஒற்றையாளாகப் பார்க்கிறது. அதனிடமிருந்து ஒரு முணுமுணுப்பும் இல்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.


ஜூன் 12, புதன்

கீழ்க்கடைவாய்ப் பல் இரண்டு வாரமாகப் படுத்தியதால் பல் டாக்டரிடம் போனோம். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களை வைத்துப் பார்த்தால் முப்பது வயது இருக்கும். பல் ஆடுகிறது, எடுத்துவிடலாம் என்றார். ஊசி மருந்தை எடுத்துக்கொண்டே, "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

இவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். யாராவது கேட்கமாட்டார்களா என்று ஒன்பது வருடம் காத்திருந்த கேள்வி அது.

"எலும்புத் தேய்மான மாத்திரை, டாக்டர். ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணி. வெறும் வயிறு. ஒரு தம்ளர் பச்சத் தண்ணி. அரைமணி நேரம் சாயக்கூடாது. ஒரு வாரம் தப்பினதில்ல."

டாக்டர் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தார். "எத்தனை வருஷமா?"

"ஒன்பது" என்றார் இவர், பதக்கத்தைக் காட்டுவது போல.

"நடுவுல எலும்பு டாக்டர் யாராவது பாத்துத் தொடரச் சொன்னாங்களா?"

"பாத்தாங்க. முதல்ல ரெண்டு வருஷம்."

அதற்குப் பின் நடந்ததை இவர் சொல்லவில்லை. நான் எழுதுகிறேன். வருடம் ஒரு முறை வந்து காட்டச் சொன்ன டாக்டர், மகனோடு இருப்பதற்காக வெளிநாடு போய்விட்டார். அவர் கிளினிக் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்தது. ஆனால் முக்கு மருந்துக்கடை அங்கேயே இருந்தது. காலியான அட்டையின் நுனியை இவர் கத்தரித்து எடுத்துப் போவார். கடைக்காரர் அதே போல ஒன்று தருவார். டாக்டர் போனபின் அட்டையே டாக்டரானது. அட்டை என்றைக்காவது 'நிறுத்து' என்று சொல்லுமா?

"பல்லை இன்னைக்கு எடுக்க வேண்டாம்" என்றார் பல் டாக்டர். "இந்த மாத்திரையை நிறைய வருஷம் எடுத்தவங்களுக்குப் பல் எடுத்த இடத்துல தாடை எலும்பு ஆற நாளாகலாம். அபூர்வமா ஆறாமலும் போகலாம். எலும்பு டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் செய்வோம். நீங்களா மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், நீங்களா தொடரவும் வேண்டாம். சீக்கிரமா அவங்களைப் பாருங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணும்மா. தொடையில, இல்ல இடுப்பு மடிப்புல, வலி ஏதாவது உண்டா? இருந்தா இன்னைக்கே போகணும். நீண்ட நாள் எடுத்தவங்கள்ல ரொம்பச் சிலருக்குத் தொடை எலும்புல மெல்லிசா விரிசல் விடும். முதல்ல வலி வரும். கவனிக்காம விட்டா ஒரு நாள் நடக்கும்போதே முறிஞ்சிரும்."

இவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். பதக்கத்தை எங்கே வைப்பதென்று தெரியாத முகம்.

"இல்ல" என்றேன்.

"சுளுக்குன்னு நொண்டுதாளே" என்றார் இவர்.

"எங்க சுளுக்கு?"

"கணுக்கால்ல" என்றேன்.

டாக்டர் தலையசைத்தார். இவர் தலையசைக்கவில்லை. என்னையே பார்த்தார்.

ஆட்டோவில் வரும்போது கேட்டார். "தொடைன்னுதானே எனக்கிட்ட சொன்னே?"

"தொடையும் கணுக்காலும் ஒரே காலுதானே."

 வடசேரி தாண்டும்போது, "சின்னப் பிள்ள. பல்லு டாக்டருக்கு எலும்பப் பத்தி என்ன தெரியும்?" என்றார். பல்லும் எலும்பும் அக்கம்பக்கம்தான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.


ஜூன் 13, வியாழன்

இவர் தனியாக மருந்துக்கடைக்குப் போய்வந்தார். கடைக்காரரிடம் கேட்டாராம். "எல்லாரும் வாங்குகாங்களே சார், யாரும் வந்து குறை சொன்னதில்லியே" என்றாராம். தொடை முறிந்தவர்கள் கடைக்கு நடந்துவந்து குறை சொல்வதெப்படி என்று இவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். வாங்கிவந்த அட்டையை அலமாரியில் வைக்காமல் மேஜையிலேயே வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு புதிய எலும்பு டாக்டரிடம் நேரம் கேட்டிருக்கிறாராம். பெண் டாக்டர். வியாழக்கிழமைதான் டோக்கன் கிடைக்கிறதாம். இந்த வியாழன் இல்லை, அடுத்ததும் இல்லை, அதற்கடுத்தது. அவசரம் என்று சொன்னால் முன்னால் தருவார்கள். அவசரம் என்று சொல்வதற்கு வலிப்பது தொடையாக இருக்க வேண்டும். எனக்கு வலிப்பது கணுக்கால்.


ஜூன் 16, ஞாயிறு

ஆறு மணி. தண்ணீர். மாத்திரை. அரைமணி நேரம். சுவரில் சாய்ந்தேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை.


ஜூன் 18, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். இவர் எதிரே வந்து உட்கார்ந்து திட்டத்தை அறிவித்தார்.

"திங்கக்கிழம தக்கலப் பக்கம் வர்ம ஆசான் வீட்டுக்குப் போறோம். டெப்போ டிரைவருமாரெல்லாம் அங்கதான் எண்ண தேச்சு உழிச்சலுக்குப் போவாங்க. பொம்பளையளுக்கு அவருக்க அக்கா பொன்னம்மை. நல்ல கைராசி."

"டாக்டருக்கு டோக்கன் போட்டிருக்கே?"

"அது வியாழக்கிழம. கால் வலியோட போனா டாக்டரு காலத்தான் பாப்பாங்க. மாத்திரையப் பத்திப் பேச நேரமிருக்காது. முதல்ல காலச் சரியாக்கிட்டு, அப்புறம் டாக்டர்ட்ட போவோம்."

பல் டாக்டரிடம் போகும் நாளில் மட்டும் நன்றாகப் பல் தேய்ப்பவர்கள் நாங்கள். கண் பரிசோதனைக்கு முன் எழுத்தட்டையை மனப்பாடம் செய்த பெரியப்பா ஒருவர் எனக்கு இருந்தார். டாக்டர் முன்னால் நோயோடு போய் நிற்பது மரியாதையில்லை என்று எங்கள் பக்கத்தில் ஒரு எண்ணம் உண்டு. எனவே திட்டத்தில் நான் ஒரு குறையும் காணவில்லை. எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

"உழிச்சல் எப்பிடி? கையாலயா?"

"கயத்தப் புடிச்சிக்கிட்டு காலால மிதிப்பாங்க. ரெண்டு தடவையில குதிச்சு ஓடுவே."

தேங்காய் நன்றாக முற்றியிருந்தது. பிசிறில்லாமல் துருவ வந்தது.


ஜூன் 20, வியாழன்

குளியலறையில் தண்ணீர் மொண்டு ஊற்றும்போது இடது தொடையில் சுரீர் என்றது. வாளியைப் பிடித்துக்கொண்டேன். பிளாஸ்டிக் வாளிகள் மனிதப் பாரம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆனாலும் தாங்கியது.

வெளியே வந்தபோது குளியலறை வாசலில் கிடந்த மிதியடியைக் காணோம். கூடத்திலிருந்த பாயும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. காய்ந்த துணியெல்லாம் மாடியிலிருந்து தானே இறங்கிவந்து மடிந்திருந்தது.

இவரிடம் கேட்டேன். "மழைக்காலம். வழுக்கும்" என்றார்.


ஜூன் 22, சனி

இவருக்குப் போன் வந்தது. எப்போதும் கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவர், இன்று எழுந்து பலாமரத்தடிக்குப் போய்ப் பேசினார். சன்னலிலிருந்து முகம் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. இடையில் ஒரு முறை தன் தொடையைத் தானே தட்டிக் காட்டினார், போனில் பேசுகிறவருக்குத் தெரியும் என்பது போல.

"யாரு?"

"ராங் நம்பர்."

ராங் நம்பரோடு இவ்வளவு நேரம் பேசுகிற அளவுக்கு இவர் தனிமையில் இல்லை. பெனிலாவாகத்தான் இருக்க வேண்டும். வீட்டை விற்கப் போகிறார்கள். சத்தியம் சத்தியம்தான்.

கோபத்தில் திங்கட்கிழமைக்கு எடுத்துப்போக வேண்டிய பழைய துணியை எடுத்து வைத்தேன். எண்ணெய் பட்டால் போகாதாம். ஆசான் வீட்டிலிருந்து குதித்துக்கொண்டு வருவேன். வந்து இருவருக்கும் நடந்து காட்டுவேன்.


ஜூன் 23, ஞாயிறு

ஆறு மணிக்குத் தண்ணீரும் மாத்திரையுமாக வந்து நின்றார். நான் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இன்னைக்கு வேணுமா?" என்றார்.

ஒன்பது வருடத்தில் முதல் முறையாகக் கேட்கப்பட்ட கேள்வி.

"நீங்கதானே சொல்லணும்."

"சாப்பிடுகது நீதானே. நீ சொல்லு."

"டாக்டர் சொல்லாம நிறுத்தக்கூடாதுன்னு பல்லு டாக்டர் சொன்னாரே."

"டாக்டர் சொல்லாம தொடரக்கூடாதுன்னும் சொன்னாரே."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த மாத்திரையைப் பார்த்தோம். அரை விரல் நகம் அளவுகூட இல்லை. எல்லைத் தகராறில் இரு நாட்டுத் தூதர்கள் ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல நின்றோம். கடைசியில் அவர் அதை அட்டையின் மேலேயே வைத்துவிட்டு, தண்ணீரைச் செடிக்கு ஊற்றப் போனார்.

"உனக்க கணுக்காலு எப்பிடி இருக்கு?" என்று வாசலிலிருந்து கேட்டார். கணுக்கால் என்ற சொல்லை மெதுவாகச் சொன்னார்.

"பரவால்ல" என்றேன்.

செடிக்கு ஊற்றிய தம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் உதறினார். பிறகு போனார்.


ஜூன் 24, திங்கள்

இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன். நோட்டு மடியில், வரிகள் கோணல். எழுத்தை மன்னிக்க வேண்டியவள் நான் மட்டும்தான்.

ஆசான் வீட்டு வராந்தாவில் ஐந்தாறு கணவன்மார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கான அறை உள்ளே, ஒரு திரைக்குப் பின்னால். நீண்ட பலகை, ஒரு சட்டியில் சூடான எண்ணெய், உத்தரத்திலிருந்து தொங்கும் கயிறு. பொன்னம்மைக்கு என்னைவிட வயது குறைவு, எடை இரண்டு மடங்கு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைப் பலகையில் படுக்க வைத்தாள்.

"டீச்சரம்மாவா? எங்கூட்டுப் பிள்ளைகூட உங்க பள்ளியிலதான் படிச்சா. சரித்திரத்துல தோத்துட்டா."

இடம் பார்த்துதான் சொன்னாள்.

இடது தொடையில் எண்ணெயை ஊற்றிக் கட்டைவிரலால் துழாவினாள். ஒரு இடத்தில் அழுத்தினாள். பலகையிலிருந்து என் முதுகு தானாக எழும்பியது.

"ஆங், இதாக்கும் முடிச்சு. எத்தன நாளா வச்சிருக்கியம்மா இத? கவலப்படாண்டாம், இன்னைக்கு ஒடச்சிருவோம்."

இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் ஏறினாள். பலகை அமுங்கியது. வலது பாதம் என் தொடைக்கு மேலே வந்து நின்றது. பாதத்தில் எண்ணெய் மின்னியது. அதன் வெடிப்புகளைக்கூட நான் எண்ணியிருக்கலாம்.

பல் டாக்டர் சொன்னதை அதுவரை நான் நினைக்கவில்லை என்று இதில் எழுதினால் அது பொய். நான் பன்னிரண்டு நாளாக வேறு எதையும் நினைக்கவில்லை.

"வேண்டாம்" என்றேன்.

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க. மூச்சப் புடிச்சிக்கோங்க."

"வேண்டாம், இறங்குங்க. ஏங்க! ஏங்க!"

வராந்தாவிலிருந்து நான்கைந்து குரல்கள் ஒன்றாக "என்னட்டீ?" என்றன. அங்கே எல்லா ஆண்களும் யாரோ ஒருத்திக்கு ஏங்கதான். பாதம் தொடையைத் தொட்டது.

"ராஜையன்!" என்று கத்தினேன்.

கல்யாணமானதிலிருந்து இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.  பொன்னம்மை கயிற்றில் தொங்கியபடியே உறைந்துபோனாள். எலும்பு முறிந்தாலும் இவ்வளவு அதிர்ச்சி வந்திருக்காது. பெண்கள் அறை என்பதால் இவர் திரைக்கு வெளியே வந்து நின்றார். திரைக்குக் கீழே செருப்பு தெரிந்தது.

"சொல்லு, டீச்சர்."

"தொடதான். கணுக்கால் இல்ல. அந்தப் பல்லு டாக்டர் கேட்ட அதே இடம். பிப்ரவரியிலேர்ந்து வலிக்கு."

திரைக்குக் கீழே செருப்பு ஒரு எட்டு முன்னால் வந்தது. பிறகு அவர் குரல் வந்தது, எப்போதும் பேருந்துகளிடம் பலிக்காத அந்தக் குரல். "பொன்னம்மை, எனக்க பெஞ்சாதிக்க காலத் தொடாதீங்க. பலகையிலேர்ந்து மெதுவா இறங்குங்க. பலக அசையக் கூடாது."

பலித்தது.

என்னை நடக்க விடவில்லை. பெஞ்சிலிருந்த இரண்டு கணவன்மார் என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் நாங்கள் வந்த வாடகைக் காருக்குத் தூக்கிப் போனார்கள். காரில் இவர் போன் செய்தார். "நாந்தான் டாக்டர், சனிக்கிழம பேசினேனே. ஆமா, தொடதான். இப்பதான் சொன்னா" என்றார்.

ராங் நம்பர் இதுதான். எலும்பு டாக்டரிடம் கேட்டிருக்கிறார். வலி தொடையில் என்றால் உடனே கூட்டி வரச் சொல்லியிருக்கிறார் அவர்.

"தெரிஞ்சிருந்தா ஏன் ஆசான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நீ கணுக்காலுன்னு சொன்னியே" என்றார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கணுக்காலா இருக்கணும்னு நானும் வேண்டிக்கிட்டேன்."


ஜூன் 24, மாலை

எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு சிறிய மேடு. அதன் குறுக்கே பென்சிலால் மெல்லிதாகக் கிழித்த மாதிரி ஒரு கோடு. எலும்பு டாக்டர் நாற்பது வயதுப் பெண், வேகமாகப் பேசுகிறவர். இனி அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார். நாளை மறுநாள் எலும்புக்குள் ஒரு கம்பி வைக்க வேண்டும், முறிவதற்கு முன்னால்.

"மிதிச்சிருந்தா?" என்று இவர் கேட்டார்.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார். அதுதான் பதில்.

"ஒன்பது வருஷம் யார் இதைத் தொடரச் சொன்னது?"

"நாந்தான்" என்றார் இவர்.

"விழுங்கினது நான்" என்றேன்.

"அட்டையக் காட்டி வாங்கினது நான், டாக்டர்."

"வலிக்கலைன்னு சொன்னது நான்."

"ரெண்டு பேரும் அப்புறமா சண்டை போட்டுக்கோங்க" என்றார் டாக்டர். "அது கெட்ட மாத்திரை இல்ல. இத்தனை வருஷம் இவங்க முதுகெலும்பு நொறுங்காம இருக்குதுன்னா அதுவும் ஒரு காரணம். நீங்க சாப்பிட்ட முறையிலயும் தப்பில்ல. ஆனா அஞ்சு வருஷம் போல ஆனதும் தொடரணுமா, இடைவெளி விடணுமான்னு ஒரு டாக்டர் பாக்கணும். பாக்கல. அவ்வளவுதான். இப்ப நிறுத்துறோம். அடுத்து என்னன்னு ஸ்கேன் பாத்து நான் சொல்றேன்."

வலது காலையும் படம் எடுத்துப் பார்த்தார். இது இரண்டு பக்கமும் வரக்கூடியதாம்.

"படத்துல ஒண்ணும் தெரியல. ஆனா ஆரம்பத்துல படத்துல தெரியாது, வலிதான் சொல்லும். இந்தக் கால்ல வலி இருந்தா இன்னொரு ஸ்கேன் எடுக்கணும். இல்லேன்னா விட்டுரலாம். வலி உண்டா?"

"அது நல்ல கால், டாக்டர்" என்றார் இவர் உற்சாகமாக. இன்று அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அது.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் போர்வையைச் சரிசெய்தேன்.

"யோசிச்சு வைங்க. நாளைக்கு ரவுண்ட்ஸ் வரும்போது கேக்கறேன்" என்று போய்விட்டார்.


ஜூன் 25, செவ்வாய்

காலையில் கஞ்சி. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு இடுப்பெலும்பு. அவள் மருமகள் கொண்டுவந்த மீன்குழம்பின் மணத்தில் கஞ்சி இறங்கியது.

பெனிலா ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள். இவர்தான் சொல்லியிருக்கிறார். "ஒரு காலுதானேப்பா, கம்பி வச்சா சரியாயிரும்ல? மூணு மாசத்துல நடப்பாங்கல்ல?" என்று கேட்டாளாம். ஒரு கால் என்றால் கிணற்றடிக்குக் கைப்பிடி போட்டு, மாடியைப் பூட்டி, இந்த வீட்டிலேயே சமாளிக்கலாம் என்று இரண்டு பேரும் பேசி முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அவளே சொன்னாளாம், வீட்டைப் பற்றி இப்போது பேச வேண்டாமென்று. இரண்டு கால் என்றால் என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு காலையும் ஊன்ற முடியாதவளை எழுபத்து மூன்று வயதுக் கிழவன் எப்படித் தூக்குவான்? எட்டாவது மாடிக்கு லிஃப்ட் இருக்கிறது.

ரவுண்ட்ஸுக்கு முன்னால் இவர் நர்ஸிடம் போய், "இனி எந்த நேரத்துக்கு எந்த மாத்திரை நான் குடுக்கணும்?" என்று கேட்டார்.

"நீங்க ஒண்ணும் குடுக்க வேண்டாம் சார், நாங்க குடுத்துக்கறோம்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"வலி இருக்கான்னு அம்மாட்ட கேட்டுக்கிடுங்க. அவங்க மறைச்சு வைக்கிற ஆளுன்னு டாக்டர் எழுதியிருக்காங்க."

இவர் அதை ஓர் ஆணையாக எடுத்துக்கொண்டார். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு நேராக உட்கார்ந்தார். சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார், பதிலைப் படிக்க வேண்டியிருக்குமோ என்னவோ.

"டீச்சர், வலி இருக்கா?"

"எந்தக் காலுல?"

"எந்தக் காலுலன்னு நான் கேக்கல்ல."

நான் சன்னலைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கட்டிடம். அதிலும் சன்னல்கள். மே மாதக் கடைசியிலிருந்து நான் இந்த நோட்டில்கூட எழுதாத ஒன்று இருக்கிறது. எழுதாவிட்டால் அது இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். சரித்திரம் படித்தவள் செய்யக்கூடாத தவறு.

இவர் காத்திருந்தார். ஒன்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு முறைகூட எனக்காக இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

"இருக்கு" என்றேன்.

"எங்க?"

போர்வையை விலக்கி வலது தொடையின் மேல் கையை வைத்தேன். இடது தொடையில் எந்த இடமோ அதே இடம்.

அவர் என்னைத் திட்டவில்லை. வீட்டைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். என் கையைத் தூக்கி, அது இருந்த இடத்தில் தன் கையை வைத்தார், அழுத்தாமல். பிறகு எழுந்து வராந்தாவுக்குப் போனார். அவர் குரல் அந்த வார்டு முழுவதும் கேட்டது.

"சிஸ்டர், டாக்டரக் கூப்பிடுங்க. அது நல்ல கால் இல்ல."